சன்ரூஃப் இல்லாமல் பிரேக் இல்லை

கார் விஷயத்தில் என் வாய் சும்மா இருக்காது. புது மாடல் எது வந்தாலும் குறை சொல்ல ஏதாவது கிடைத்துவிடும். முகப்பு யாரையோ அடிக்கப் போவதுபோல் முறைக்கிறது, பின்கண்ணாடி தபால்பெட்டி வாய் அளவுக்குச் சுருங்கிவிட்டது, ஏசியைக் கூட்ட ஒரு குமிழைத் திருகினால் போதும் என்றிருந்த இடத்தில் இப்போது திரையை மூன்று முறை தட்ட வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் கேட்டுக் கேட்டு வீட்டில் எல்லாருக்கும் காது புளித்துவிட்டது. ஆனாலும் யாராவது கார் வாங்கப் போனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

தங்கை வீட்டிலும் அப்படித்தான். மாப்பிள்ளை எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நடு மாடல் போதும் என்றார். எதிரே ஏதாவது வந்தால் தானாகவே பிரேக் போடுகிற வண்டிதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். நம் ஊரில் எந்தச் சந்திலிருந்து யார் வண்டியை நீட்டுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஷோரூமில் கேட்டால், அந்தப் பிரேக் டாப் மாடலில் மட்டும்தானாம். அதை எடுத்தால் சன்ரூஃபும் சேர்ந்தே வருமாம். வேண்டாம் என்று சொல்லி விலையைக் குறைக்கவும் வழியில்லையாம். உயிரைக் காக்கிற சாமானை ஆடம்பரத்தோடு சேர்த்துக் கட்டி விற்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில் கூரையைத் திறந்து எதைப் பார்ப்பது? விற்பனைக்காரரிடம் சண்டையே போட்டேன். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும் சார் என்று அவர் சிரித்தார்.

வண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நிறுத்தி மந்திரிக்கச் சொன்னோம். சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அப்புறம் வழக்கம்போல் ஊரை ஒரு சுற்று. தங்கை முன்னால், நானும் அவள் மகளும் பின்னால். பிள்ளை இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். வண்டி நகரும் முன்பே கூரையைத் திறக்கச் சொல்லி அடம் பிடித்தாள். மாப்பிள்ளை திறந்தார். சீட்டின் மேல் ஏறித் தலையையும் தோளையும் வெளியே நீட்டி நின்றாள்.

வேண்டாம் என்றேன். ஒரே ஒரு ரவுண்டுதானே என்றாள் தங்கை. நான் பிள்ளையின் கால்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கூசுகிறது என்று மேலிருந்து சிரிப்பு.

"நீங்க கேட்ட பிரேக்தான் இருக்கே மச்சான், அப்புறம் என்னா பயம்?" என்றார் மாப்பிள்ளை.

அந்தப் பிரேக்தான் என் பயமே. மேலே ஒரு பிள்ளை நிற்பது மெஷினுக்குத் தெரியாது. எதிரே ஆள் வந்தால் சட்டென்று நிறுத்தும், அவ்வளவுதான். இதைச் சொல்லியும் பார்த்தேன். மச்சானுக்கு எந்தக் காரும் பிடிக்காது என்று இருவரும் கேலி செய்தார்கள்.

உப்பளம் பகுதித் தெருக்களுக்குள் திரும்பினோம். தெருவுக்குக் குறுக்கே கேபிள் ஒயர்கள் தொங்கின. முன்கண்ணாடி வழியே ஒவ்வொன்றையும் பார்த்து, குனி, குனி என்று கத்திக்கொண்டே வந்தேன். அவள் குனியாமல் கையை உயர்த்தித் தொடப் பார்த்தாள். எனக்கு உள்ளங்கை வியர்த்து அவள் கால் வழுக்கியது. பிடியை இடுப்புக்கு மாற்றினேன். சாலை காலியாக இருக்கவே மாப்பிள்ளை கொஞ்சம் மிதித்தார். மெதுவாகப் போங்கள் என்றேன்.

இடப்பக்கச் சந்திலிருந்து ஒரு பெரியவர் சைக்கிளில் வந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே சாலைக்குள் நுழைந்தார். திரை சிவப்பாக மின்னியது. மாப்பிள்ளையின் கால் பிரேக்குக்குப் போகும் முன்பே வண்டி அடித்து நின்றது. என் தோள் முன்சீட்டில் மோதியது. பிள்ளையின் உடம்பு மொத்தமும் முன்னால் பாய்ந்தது. என் கையைப் பிய்த்துக்கொண்டு போகிற வேகம். பலம்கொண்ட மட்டும் கீழே இழுத்தேன். மோவாய் கூரை விளிம்பில் இடிபட, என் மடியில் வந்து விழுந்தாள்.

பெரியவர் பம்பருக்கு ஒரு முழம் தள்ளி நின்றார். எங்களை முறைத்துவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பிரேக் இல்லையென்றால் அவரை இடித்தே இருப்போம்.

பிள்ளைக்கு மோவாயில் ரத்தம். தங்கை பின்னால் எட்டி அவள் பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். மாப்பிள்ளை ஸ்டீயரிங்கை விடவே இல்லை. நல்லவேளை பிரேக் பிடித்தது என்று மட்டும் முணுமுணுத்தார். தங்கை என் பக்கம் திரும்பினாள்.

"நடு மாடலே போதும்னுதான் இவரு சொன்னாரு அண்ணா. நீதான் கேக்கல."

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொல்வது நியாயம் என்றும் பட்டது. சைக்கிளில் போன மனிதரைக் காட்டிப் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பிள்ளை என் மடியில் நெளிந்தாள்.

"வுடு மாமா, வலிக்குது" என்றாள்.

அப்போதும் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். விட வேண்டும் என்று தெரிந்தது. கை விடவில்லை.