கிண்ணத்தோடு எடை போட்ட நஞ்சு

ஐநூறு கிராம். பிள்ளை பிறந்ததும் பின்னாலேயே வெளியேறும் நஞ்சுக்கொடியின் எடை ஏறக்குறைய இவ்வளவு. இதை மறக்காதீர்கள்.

பிரசவ வார்டில் அதைக் கழுவி, எடை போட்டு, அப்புறப்படுத்துவது அவள் வேலை. பதினெட்டு வருடமாக. எல்லோருக்கும் அவள் தராசக்கா. பிள்ளை அழுததும் மொத்த அறையும் அதன் பின்னால் ஓடிவிடும். அவளும் எவர்சில்வர் கிண்ணமும்தான் மிச்சம். வீட்டிலும் ஒற்றை அறை, ஒற்றைத் தட்டு.

ஒருமுறை அவளும் சுமந்தாள். பிள்ளை தங்கவில்லை. "வயித்தக் காயப்போட்டே கொன்னுட்டா" என்று சொல்லிவிட்டுப் புருஷன் போனான். அந்த நஞ்சை யாரும் எடை போடவில்லை.

அன்று பிறந்த பெண்பிள்ளை ஒன்றே முக்கால் கிலோ. திரைக்கு அந்தப் பக்கம் பெற்றவளை மாமியார் பிடித்துக்கொண்டாள்.

"தட்டுல போட்டதெல்லாம் எங்கடி போச்சு? எலும்பப் பெத்துக் கையில குடுத்திருக்கே!"

"சாப்பிட்டேன் அத்தை. சத்தியமா."

நர்ஸ் பதிவேட்டைப் புரட்டினாள். "நஞ்சு நானூத்தி எண்பது. நல்லாத்தானே இருக்கு. நீங்கதாம்மா ஒழுங்கா சாப்பிடல."

தராசக்காவின் கை நின்றது. கிண்ணத்தில் கிடந்தது உள்ளங்கை அகலம்தான்.

"சிஸ்டர், யாரு எடை போட்டது?"

"நான்தான்க்கா. நீங்க டீக்குப் போயிருந்தீங்க."

"கிண்ணத்தோடயா? அது மட்டுமே இருநூறு. அதையும் சேத்தா எழுதினீங்க?"

நர்ஸுக்கு முகம் செத்துப்போனது.

தராசக்கா கிண்ணத்தோடு திரையை விலக்கினாள்.

"இங்க பாருங்கம்மா. தாய் ரத்தமும் புள்ள ரத்தமும் கலக்கவே கலக்காது. நடுவுல மெல்லிசா ஒரு சுவரு. சத்து, மூச்சுக்காத்து, எல்லாம் அதத் தாண்டித்தான் புள்ளைக்குப் போகணும். இதோ, வெள்ளையா கெட்டிச்சுக் கெடக்கா? இங்கெல்லாம் வழியே அடைஞ்சுபோச்சு. உங்க மருமக அண்டா அண்டாவா தின்னிருந்தாலும் போய்ச் சேந்திருக்காது. அவ மேல பழி போடாதீங்க."

மாமியார் பிள்ளையைப் பார்க்கப் போனாள். நர்ஸும் நழுவினாள். கட்டிலில் கிடந்தவள் தராசக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உங்களுக்கு எத்தன புள்ளைங்கக்கா?"

"கைய விடும்மா. வேலை கெடக்கு."

எடை போடுவது அவள், எழுதுவது நர்ஸ். பதிவேட்டில் கை வைக்க அவளுக்கு உரிமையில்லை. கிண்ணத்தைத் தனியே வைத்தாள். மறுபடி எடை போட்டாள். பழைய எண்ணை அடித்துவிட்டு, தன் கையாலேயே எழுதினாள்.

இருநூற்று எண்பது.