சாடுற வகை

தம்பானூரில் வீடியோ கேமில் என்னைத் தோற்கடித்தவன் எவனும் கிடையாது. சும்மா சொன்னேன். ரொம்ப நாள் என்னை ஆடவே யாரும் விடவில்லை. ஆடாதவனை எப்படித் தோற்கடிப்பது? மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காத ஆள் நான். நாகர்கோவில் பஸ்ஸின் போர்டைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன். இன்றைக்கும் எதை எழுதினாலும் கடைசியில் 'வழி தக்கலை' என்று போடக் கை வரும்.

தொண்ணூறுகளின் கடைசியில் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இந்த மலையாளத்து ஊருக்கு வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் மேசை துடைக்கச் சேர்ந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து சாயங்கால டீ தொடங்கும்வரை எங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு. தங்கக் கொடுத்த அறை அடுப்படிக்கு நேர் மேலே இருந்தது. பகலில் அங்கே படுத்தால் ஒருபக்கம் வெந்ததும் புரண்டு படுக்க வேண்டியதுதான். ஓட்டலுக்குள் உட்கார்ந்தால் எவனாவது தண்ணீர் கேட்பான். யாரும் எதுவும் கேட்காமல் உட்கார எங்களுக்கு இருந்த ஒரே இடம், பக்கத்து லாட்ஜ் மாடியில் இருந்த கேம் கடை. மூன்று சின்ன டிவி, ஒரு பெரிய டிவி. ஃபேன் பெரிய டிவிக்கு மேலே மட்டும்தான் ஓடும்.

அந்த ஃபேனுக்கு இரண்டு கட்சி. ஓட்டல் தமிழர்கள் நாங்கள் ஒன்று, பாலிடெக்னிக் படிக்கும் மலையாளிகள் மற்றொன்று. நாங்கள் படியேறினாலே வெங்காயம் நாறுகிறது என்று மூக்கைப் பொத்துவார்கள். அவர்கள் தலையிலிருந்து வழியும் தேங்காயெண்ணெயில் கையில் பிடிக்கிற பட்டனெல்லாம் வழுக்குகிறது என்று நாங்கள் சட்டையில் துடைப்போம். அவர்கள் சட்டையில்.

கேமில் வரும் எதிரிகளுக்கு உண்மைப் பெயர் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. கேசட்டில் இருந்தது ஜப்பான் எழுத்து. அதனால் நாங்களாகவே வகை பிரித்துக்கொண்டோம். ஒரே பலகையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து, விளிம்பு வந்ததும் திரும்புகிறவை எல்லாம் சப்ளையர். முன்னே பின்னே பார்க்காமல் நேராக வந்து குழியில் விழுகிறவை கஸ்டமர். ஓரிடத்தில் உட்கார்ந்தபடி கையில் கிடைத்ததை நம்மேல் எறிகிறவை முதலாளி. எந்தக் கேசட் என்பது கணக்கில்லை. ஆமையாக இருக்கட்டும், பேயாக இருக்கட்டும், நடத்தை ஒன்றென்றால் வகையும் ஒன்று.

அவர்கள் பிரித்தது வேறு மாதிரி. ஊர்வலம் மாதிரி வரிசையாக வந்தால் ஜாதா. குறுக்கே நின்று வழியை மறித்தால் ஹர்த்தால். ஒன்றும் செய்யாமல் சும்மா நிற்கும், தொட்டால் உயிரை வாங்கும் என்றால் நோக்குகூலி. அந்த ஊரில் லாரியிலிருந்து நாமே சாமான் இறக்கினாலும், பார்த்துக்கொண்டு நின்ற தொழிலாளிக்குக் கூலி உண்டு, அதுதான் நோக்குகூலி. நல்ல பெயர்தான். ஆனால் அவர்கள் வைத்த பெயரை நல்லது என்று எங்கள் பக்கத்தில் எவனும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சண்டை மூண்டது ஒரு முள் உருண்டையால். ஒரு கேமில் பாலத்தின் நடுவே அது உட்கார்ந்திருக்கும். கிட்டே போனால் துள்ளி எழுந்து மேலே விழும். அதைத் தாண்டி எந்தக் கட்சியும் போனதில்லை. அது முதலாளி என்றோம் நாங்கள். நோக்குகூலி என்றார்கள் அவர்கள். வகையைத் தப்பாகச் சொல்லி எங்கள் ஆளைக் கொன்றுவிட்டீர்கள் என்று இருபுறமும் கத்தல். ஒருநாள் கைகலப்பாகி டிவியின் வயர் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கடைக்காரச் சேட்டனுக்குப் பொறுமை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு ஆட்டம், எந்தக் கட்சி அதிக தூரம் போகிறதோ அது ஜெயித்தது, தோற்ற கட்சி இனிமேல் மாடி ஏறக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவர்களுக்கு மாடி போனால் கடற்கரை இருக்கிறது, வீடு இருக்கிறது. எங்களுக்கு அடுப்படி மாடிதான்.

சண்டைக்கே மூலம் பெயர் என்பதால், அந்த உருண்டைக்கு இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டும் என்றும் சேட்டன் சொன்னார். எங்கள் பரோட்டா மாஸ்டரும் பாலிடெக்னிக் தலைவனும் முகத்தைப் பார்க்காமலே பேசி 'சாடுறவன்' என்று முடித்தார்கள். மலையாளத்தில் சாடுவது என்றால் குதிப்பது. மாஸ்டர் மார்த்தாண்டத்துக்காரர், அவருக்கும் சாடுவது குதிப்பதுதான்.

கூட்டத்தில் அது தெரியாத ஒரே ஜீவன் நான். எங்கள் ஊர் டீக்கடையில் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார்கள். எதிர்க்கட்சியை ஆளுங்கட்சி கடுமையாகச் சாடியது என்று தினமும் வரும். ஆக, சாடுவது என்றால் போட்டுத் தாக்குவது. நாற்காலிக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்த நாளிலெல்லாம் எனக்கு ஒரே ஆச்சரியம். எல்லோரும் "சாடு, சாடு" என்று கத்துகிறார்கள், ஆடுகிறவன் குதித்துச் சாகிறான். சொன்ன பேச்சு கேட்காத ஜென்மங்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரோடு ஜோடியாக ஆட வேண்டிய ஆள் பரோட்டாக் கல்லில் கையைச் சுட்டுக்கொண்டான். ஆடத் தெரிந்த மற்றவர்கள் டீ போடப் போய்விட்டதால் மிச்சம் நான். என்னைப் பார்த்ததும் பாலிடெக்னிக் தலைவன் தன் ஆட்களிடம், "எடா, பாண்டிகள் மேசை துடைக்குந்ந துணியையும் கொண்டு வந்நிருக்கு" என்றான். பாண்டி என்பது தமிழர்களுக்கு அவர்கள் வைத்த வகைப் பெயர். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் மாஸ்டரும் சிரித்தார், அதுதான் வலித்தது.

அவர்கள் முதலில் ஆடினார்கள். சப்ளையர்களை மிதித்து, கஸ்டமர்களைக் குழியில் விழவிட்டு, பாலம்வரை அழகாக வந்தார்கள். உருண்டைக்கு மேலே இருவரும் குதித்தார்கள். அதுவும் குதித்தது. கதை முடிந்தது.

பிறகு நாங்கள். பாலம்வரை மாஸ்டர்தான் வந்தார். நான் அவர் பின்னாலேயே, பந்தியில் இலை எடுக்கிறவன் மாதிரி. உருண்டையைத் தாண்டினால் மாடி எங்களுக்கு. மாஸ்டர் குதித்தார், செத்தார். திரையில் நான் மட்டும்.

"சாடுல மக்கா, சாடு" என்று கத்தினார் மாஸ்டர்.

சொன்ன பேச்சைக் கேட்டேன். கல் எறிகிற பட்டனை அமுக்கிய கையை எடுக்கவே இல்லை. உட்கார்ந்திருந்த உருண்டைமேல் பட்ட கல்லெல்லாம் தெறித்துப் போயிற்று. அது துள்ளி எழுந்ததும் ஒரு கல் அடிவயிற்றில் பட்டது. அங்கே முள் இல்லை. டப்பென்று வெடித்தது.

முதலில் கோபப்பட்டது எதிர்க்கட்சி இல்லை, எங்கள் மாஸ்டர்.

"நான் சாடச் சொன்னா நீ எதுக்குல எறியிற?"

"சாடத்தானண்ணே செஞ்சேன்."

"சாடுன்னா குதிக்கணும்ல, மூதி."

அதைக் கேட்டதும் பாலிடெக்னிக் தலைவன் பிடித்துக்கொண்டான். இது தெரிந்து செய்ததில்லை, பாஷை தெரியாமல் செய்தது, செல்லாது என்றான். செல்லும் என்று மாஸ்டர் ஒரே நொடியில் என் பக்கம் தாவினார். எறிந்து கொல்வதென்றால் அது சாடுறவனே இல்லை, வேறு வகை, பெயரை மாற்று என்று ஒருவன். பெயரை மாற்றினால் ஆட்டமே செல்லாது என்று இன்னொருவன். வயரைப் பிடுங்கியவன் மறுபடி வயர் பக்கம் நகர்ந்தான். சேட்டன் எழுந்து நடுவில் நின்றார். பாலத்தின் கோடியில் இன்னொரு உருண்டை தெரிந்தது. அதையும் இவன் இதே மாதிரி கொன்றால் மாடி தமிழர்களுக்கு, செத்தால் இப்போதே இறங்க வேண்டும் என்றார். எனக்கு உள்ளங்கை வேர்த்து, அவர்கள் எண்ணெயும் சேர்ந்து, பட்டன் வழுக்குகிறது. பின்னாலிருந்து ஒரு கட்சி 'சாடு' என்கிறது, மற்ற கட்சி வேண்டுமென்றே அதைவிடச் சத்தமாக 'சாடு' என்கிறது. எந்தச் சாடு எந்த அர்த்தம் என்று—

இருங்கள், இத்தனை வருஷம் கழித்தும் அதே மாடியிலிருந்து சத்தம் வருகிறது. அந்தப் பாலிடெக்னிக் தலைவன்தான். சேட்டனுக்குப் பிறகு இப்போது கடை அவன் கையில்.

"எடா பாண்டி, கேறி வாடா. நின்றெ கசேரையில வேற ஒருத்தன் இருக்கான். எறிய அறியில்ல, சாடிச் சாடிச் சாவுறான்."

ஃபேனுக்குக் கீழே, அன்றைக்கு ஜெயித்த நாற்காலி. நான் போகிறேன்.