கலங்கிய மருந்து

முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைச் 'சல்லடை' என்றுதான் சொல்வார்கள். மருந்து நிறுவனம் ஒன்றின் பகுப்பாய்வுப் பிரிவுக்கு அவர் தலைவி. மற்ற அறைகளில் உயிரணுக்களை வளர்த்து மருந்து எடுப்பார்கள். அது சுத்தமாக இருக்கிறதா, வீரியம் குறையாமல் இருக்கிறதா, உடம்பில் ஏற்றலாமா என்று சோதிப்பது அவர் பிரிவின் வேலை. சோதனைக் குழாய் கழுவும் வேலையில் சேர்ந்து கண்ணாடிச் சுவர் வைத்த தனி அறைவரை வந்தவர். அவர் சரி என்று சொல்லாமல் ஒரு குப்பிகூட வாசலைத் தாண்டாது.

அவருடைய அக்கா கணக்கு டீச்சர். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் வந்து, சாக்பீஸ் பிடிக்க முடியாமல் வேலையை விட்டவர். அந்த நோய்க்கே தங்கையின் நிறுவனம் மருந்து செய்து, நோயாளிகளிடம் பரிசோதிக்கத் தொடங்கியது. மருத்துவமனை மூலமாக அக்காவும் அதில் சேர்ந்தார். சில மாதங்களில் தன் தலையைத் தானே வாரிக்கொண்டார். கோணல்மாணலான வகிடோடு வந்து நின்று, "எப்படி இருக்கேன்? பொண்ணு பாக்க வரச் சொல்லலாமா?" என்றார். அக்காவும் தங்கையும் சிரித்துச் சிரித்தே அழுதார்கள்.

அடுத்து வந்த மருந்துத் தொகுதியில்தான் இடி விழுந்தது. குப்பியை வெளிச்சத்தில் பிடித்தால் லேசான கலங்கல். மருந்திலிருந்த புரதம் திரிந்து கட்டி கட்டியாகச் சேர்ந்திருந்தது. ஏற்றிக்கொண்டால் சிலருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு மூச்சே அடைத்துவிடலாம்.

இயக்குநர் தயங்கித் தயங்கிப் பேசினார். "உங்க அக்காவும் இதுல இருக்காங்க. நீங்க வேணா ஒதுங்கிக்கோங்க. வேற யாராவது சொல்லட்டும்."

"யார் பாத்தாலும் கலங்கல் கலங்கல்தான் சார். நிறுத்திடுங்க."

பழைய மருந்து தீர்ந்துவிட்டது, புதியது சரியாகும்வரை கிடைக்காது என்று அன்று மாலையே அக்காவிடம் போய்ச் சொன்னார்.

"அந்தக் கலங்கினதையே எனக்குக் குடுடி. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆயிடுச்சுன்னா?"

"இப்ப மட்டும் என்ன ஆகாம இருக்கு? கூடப் பொறந்தவளுக்காக ஒரு தடவை கண்ணை மூடிக்கக் கூடாதா?"

"முடியாதுக்கா."

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கலங்கலைப் போக்க அவர் பிரிவு படாத பாடு பட்டது. உப்பை மாற்றினார்கள், அமிலத்தன்மையை மாற்றினார்கள், குப்பியையே மாற்றிப் பார்த்தார்கள். அதற்குள் அக்காவுக்குக் கை விழுந்தது, கழுத்து விழுந்தது, பேச்சும் போனது. வேலை முடிந்ததும் நேரே அங்கே போய்த் தங்கைதான் கஞ்சி ஊட்டுவார். அக்கா வாயைத் திறப்பார். முகத்தைப் பார்க்க மாட்டார்.

மருந்து தெளிந்தபோது அக்கா போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். கொடுத்த துண்டைத் தங்கை மேஜையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அன்று அக்கா வீட்டுக்குப் போய், இத்தனை நாள் கேட்கப் பயந்ததை அக்காவின் கணவரிடம் கேட்டார். "அத்தான், அக்கா என் மேல கோவமாவே போயிட்டாளா?"

அத்தான் அக்காவின் கட்டிலைப் பார்த்தார். "பேச்சு போனவ என்னத்தச் சொல்லுவா? உன் கார் சத்தம் கேட்டா மட்டும் அவ கண்ணு வாசப் பக்கம் போகும். கோவமா, ஆசையான்னு எனக்குப் புரியலம்மா."

தங்கை அந்த வெறுங்கட்டிலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். மறுநாள் புதுத் தொகுதி வந்திருந்தது. சோதிக்கப் போனார்.