வாழையைத் துளைத்த அம்பு

விஜயதசமியன்று எங்கள் கிள்ளான் நகரக் கோயிலில் பூசாரி வாழைமரத்தின் மீது அம்பு விடுவார். அம்பு செய்வது என் பொறுப்பு. போன வருஷம் நான் செய்த மூங்கில் அம்பு முனையில் கனமில்லாமல் தள்ளாடி, பாதி வழியிலேயே விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அந்த ரோஷத்தில் இந்த முறை நான் வேலை செய்யும் ரயில் பட்டறையிலிருந்து ஓர் இரும்புத் துண்டை எடுத்துக் கூராக்கி, முனையில் செருகினேன். யாரிடமும் சொல்லவில்லை.

அம்பு ஆடாமல் பாய்ந்தது. இளவாழையைத் துளைத்து, அதை ஒட்டி நின்ற தவில்காரர் மாணிக்கத்தின் தவில் கட்டையில் குத்தி நின்றது. தவில் இல்லையென்றால் அவர் வயிறு.

"அம்மன் சக்தியப் பாத்தீங்களா?" என்றார் பூசாரி. எல்லோரும் கும்பிட்டார்கள்.

மாணிக்கம் வெளிறிய முகத்தோடு என்னிடம் வந்தார். "ஆத்தாதான் காப்பாத்துனாண்ணே."

"ஆமா தம்பி" என்றேன். கும்பிட்ட கையைப் பிரித்து, தவிலில் குத்தியிருந்த அம்பைப் பிடுங்கினேன். இரும்பு முனையை யாரும் பார்ப்பதற்குள் அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன்.