மூன்று விறைப்புக்காகச் சண்டை போட்டவர்

அக்காள்மடத்திலிருந்து செபாஸ்தியான் அண்ணனின் மனைவி பவுலின் அக்கா போனில் அழைத்தபோது நான் திருப்புல்லாணியில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். “தங்கச்சி, அண்ணன் போயிட்டாரும்மா. காலையில எந்திரிச்சவரு நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு இங்கனயே உக்காந்துட்டாரு” என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போகிற மனிதரா அவர்?

இராமநாதபுரத்தில் எங்கள் அகராதி அலுவலகத்தில் இருந்தவர்களுக்குச் செபாஸ்தியான் அண்ணனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் இணைய அகராதிக்காக ஆங்கிலச் சொற்களைப் பொருள் பிரித்து எழுதுவது என் வேலை. அவற்றுக்கு நேராகச் செக் மொழிச் சொற்களை இடுவது அவர் வேலை. செக் நாட்டில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பல வருடம் இருந்தவர். கல்லூரிப் படிப்பும் உண்டு, வாய்த்துடுக்கும் உண்டு. அவரோடு ஒருமுறையாவது சண்டை போடாதவர் எங்கள் அலுவலகத்தில் இல்லை.

‘ஸ்டிஃப்னஸ்’ என்ற சொல் வந்த அன்று அவர் வேலையை நிறுத்திவிட்டார். “இதுக்கு ஒரு சொல்லு பத்தாது” என்றார். ரப்பரோ இரும்போ வளையாமல் இருந்தால் அது துஹோஸ்த். கழுத்தோ விரலோ பிடித்துக்கொண்டால் ஸ்துஹ்லோஸ்த். ஆள் முறைப்பாக, ஒட்டாமல் நடந்துகொண்டால் ஷ்க்ரொபெனோஸ்த். கஞ்சி போட்ட துணியின் விறைப்பிலிருந்து வந்த சொல். தமிழில் எல்லாவற்றுக்கும் விறைப்பு என்றே சொல்லிவிடலாமே என்றேன். “சொல்லலாம். சொல்லி நான் பட்டது போதும்” என்று வலது கையை என் முன்னால் நீட்டினார். அதில் இரண்டு விரல்கள் மடங்காது.

தொழிற்சாலையில் அவர் நாள் முழுக்க ரப்பர் குழாய்களைப் பொருத்திக்கொண்டிருந்தாராம். காலையில் விரல்கள் மடங்கவில்லை. அப்போது அவருக்கு அந்த மொழி தெரியாது. மேற்பார்வையாளரிடம் ஆங்கிலத்தில் ஸ்டிஃப்னஸ் என்றிருக்கிறார். அந்த ஆள் போனில் மொழிபெயர்த்துப் பார்க்க, துஹோஸ்த் என்று வந்திருக்கிறது. “கை விறைச்சிருச்சுன்னு நான் சொல்றேன். அவரு தலைய ஆட்டிட்டுப் போயி, குழாய் ரொம்பக் கெட்டியா இருக்குன்னு வேற குழாய் எறக்குறாரு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மறுபடி மறுபடி சொல்லியும் குழாய்தான் மாறியது. மருத்துவர் பார்த்தபோது காலம் கடந்திருந்தது.

ஆனால் எங்கள் கணினியில் ஒரு கட்டத்துக்கு ஒரு சொல்தான் ஏறும். மேலாளர் கெஞ்சினார். “அண்ணே, அதிகமாப் புழங்குறத மட்டும் போடுங்க. மத்தவங்க வேலையும் நிக்குது.” அண்ணன் அசையவில்லை. “கீழ இன்னும் ரெண்டு கட்டம் போட்டா கணினி செத்தா போகும்?” நிறுவனத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். எல்லோரும் அவர்மேல் எரிச்சலில் இருந்தோம். கடைசியில், நம்பமாட்டீர்கள், மூன்று கட்டம் கிடைத்தது. எது பொருளுக்கு, எது உடம்புக்கு, எது நடத்தைக்கு என்ற குறிப்போடு. அன்று அலுவலகம் முழுவதற்கும் அவர் செலவில் வடை.

சில மாதங்களில் நிறுவனம் எல்லாவற்றையும் மென்பொருளிடம் கொடுத்து அகராதியைத் திருத்தியது. எங்களுக்கு வேலை போனது. கடைசி நாள் டீக்கடையில் அண்ணன் போனில் அகராதியின் ஸ்டிஃப்னஸ் பக்கத்தைத் திறந்தார். துஹோஸ்த் மட்டும் இருந்தது. வழக்கம்போலக் கத்துவார் என்று காத்திருந்தேன். “மறுபடியும் குழாய மாத்திட்டாய்ங்க” என்றார் மெதுவாக. டீ ஆறிப்போனது.

பிறகு அக்காள்மடத்திலேயே ஐஸ் வியாபாரம் பார்த்தார். அந்தப் பக்கத்தின் கீழே ‘பிழையைத் தெரிவிக்க’ என்று இருக்கும் இடத்தில் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். நன்றி என்று பதில் வரும். பக்கம் மாறாது. “விடுங்கண்ணே” என்றால், “எவனுக்காச்சும் கை பிடிச்சுக்கிட்டா?” என்பார்.

அடக்கத்தன்று மாதா கோயிலில் பேசிய உறவினர் ஒருவர், செபாஸ்தியான் அமைதியானவர், எதையும் விட்டுக்கொடுத்துப் போகிறவர் என்றார். என் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த பவுலின் அக்கா முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “இவரு யாரச் சொல்றாரு?” என்று கேட்டார். எழுந்து நின்று மறுக்க வேண்டும்போல் இருந்தது. இறந்தவரை இப்படி வழவழப்பாக்கி அனுப்புவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவர் விட்டுக்கொடுக்காதவர். உடன் வேலை பார்க்கக் கடினமானவர். அவர் சொன்னது சரி.

திரும்பும்போது பேருந்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு எழுதினேன். பாம்பன் பாலம் தாண்டுவதற்குள் நன்றி என்று பதில் வந்தது. அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது ஆறுதல் அல்ல, அந்த எரிச்சல்தான். இன்று காலையும் பக்கம் மாறவில்லை. மறுபடி எழுதியிருக்கிறேன்.