மணல் மூட்டை எடுத்த ஜன்னல்

மலாயாவில் எமர்ஜென்சி தொடங்கி, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் தோட்டத்துத் துரைமார்களைச் சுட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஏழு வயதிருக்கும். லாபு பக்கம் ஒரு தோட்டத்தில் அப்பா பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுத்தார். அம்மா துரை பங்களாவில் ஆயா. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். பங்களாவைச் சுற்றியும் கம்பிதான். அதோடு எல்லா ஜன்னல்களையும் மணல் மூட்டைகள் அடைத்திருந்தன. பகலிலும் ஹாலில் விளக்கு எரியும்.

அங்கே துரைசாணி சீமையிலிருந்து கொண்டுவந்த அச்சுப்படம் ஒன்று தொங்கியது. வெள்ளைக்காரச் சிறுமி ஒருத்தி வீட்டுக்குள் நாற்காலியில் சாய்ந்திருப்பாள். கிட்டப் போனால் வெறும் வண்ணத் திட்டுகள்; தள்ளி நின்றால் பிள்ளை. நான் முன்னும் பின்னும் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்ததைக் கவனித்த துரைசாணி, என்னையும் அப்படி வரையப் போவதாகச் சொன்னார்.

வரைவதற்கு வெளிச்சம் வேண்டுமே. துரை மரக்காட்டுக்குப் போயிருந்த நேரத்தில், காவலுக்கு நின்ற மலாய்க்காரக் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு ஒரு ஜன்னலின் மூட்டைகளை இறக்கச் சொன்னார். அவர் தயங்கித் தயங்கி இறக்கினார்.

நான் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். வெளியே புல்வெளி, கம்பி, அதைத் தாண்டி ரப்பர் மரங்கள். அம்மா தூசி தட்டுகிற சாக்கில் வந்து எனக்கும் ஜன்னலுக்கும் நடுவே நின்றாள்.

“ஆயா, தெப்பி லா. வெளிச்சம் இல்லே,” என்று துரைசாணி கையை வீசி ஒதுங்கச் சொன்னார்.

அம்மா ஒதுங்கினாள். சற்று நேரத்தில் திரும்பவும் அங்கேயே வந்து நின்றாள். நான் காலை ஆட்டினேன். “ஜாங்கான் கெராக்!” அசையக்கூடாதாம். வெளியே லாரி உறுமினால் மட்டும் மூவரும் ஒன்றாகத் திரும்பினோம்.

வீட்டுக்குப் போகும்போது அம்மா சொன்னாள், “நாளைக்கு வயித்துவலின்னு சொல்லிடு.”

“ஏம்மா?”

“மரத்துப் பக்கமிருந்து பார்த்தா நீ பளிச்சுன்னு தெரிவே லா. அந்தம்மாவுக்கு அது எங்க புரியுது?”

ஆனால் துரைசாணி கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? மறுநாளும் உட்கார்ந்தேன். தூரிகை ஓடிக்கொண்டிருந்தபோது மரங்கள் பக்கம் துப்பாக்கி வெடித்தது. அம்மா என்னை நாற்காலியோடு தரையில் சாய்த்து மேலே விழுந்தாள். துரைசாணியும் பக்கத்தில் குப்புறப் படுத்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டார்.

“இவ அப்பா அங்கதான் இருக்காரு,” என்று அம்மா என் காதருகே முனகிக்கொண்டே இருந்தாள்.

கான்ஸ்டபிள் உள்ளே வந்து, யாரோ காட்டுப்பன்றியைப் பார்த்துப் பதறிச் சுட்டுவிட்டதாகச் சொன்னார். ஒருவருக்கும் அடியில்லை.

அம்மா எழுந்தாள். யாரையும் கேட்கவில்லை. ஒரு மணல் மூட்டையை ஜன்னலை நோக்கி இழுத்தாள். அது கனத்தது. துரைசாணி சாயம் படிந்த கையோடு மறுமுனையைப் பிடித்தார். இருவருமாக ஜன்னலை அடைத்தார்கள்.

மிச்சத்தை விளக்கு வெளிச்சத்தில் வரைந்து முடித்து எங்களிடமே கொடுத்தார். அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, “புள்ளைக்கு மூக்கே காணோமே,” என்றாள்.

அன்று சாயங்காலம் அப்பா படத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தார். ஜன்னலோரத்தில் சேலை கட்டிய ஓர் உருவம் பாதி வெளிச்சத்தை மறைத்து நின்றது. “நீ ஏன் இதுல நடுவுல நிக்கிறே?” என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா அடுப்பு மூட்டப் போனாள். படத்தைச் சுவரில் மாட்ட அவள் விடவேயில்லை. சாயம் காயவில்லை என்று சொல்லித் துணிப்பெட்டிக்குப் பின்னால் நிறுத்திவைத்தாள். நான் அதை வெளியே இழுத்து, முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்துத் திட்டு வாங்குவேன்.