மந்தமானது அவள் குரலல்ல

எங்கள் சபைப் பாடகர் குழுவின் பாட்டுகளைப் பதிவு செய்து கொடுப்பவன் நான். போன கிறிஸ்துமஸுக்கு முன் குழுவின் பாடகி லீலா பாடியதை ஹெட்போனில் கேட்டபோது குரல் மந்தமாக இருந்தது. மூன்று தடவை திரும்பப் பாட வைத்தும் தெளிவில்லை.

"எனக்க குரலு போச்சா அண்ணே?" என்று அவள் கண்கலங்கினாள். குரல் துலங்கட்டும் என்று ஈக்வலைசரில் ட்ரெபிளை, அதாவது கூர்மையான ஒலியை, கூட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் அந்தப் பதிவைக் கேட்ட என் மனைவி சாந்தி முகம் சுளித்தாள். "என்ன செய்து வச்சிருக்கிய? பாம்பு சீறுத மாதிரில்லா இருக்கு!"

"உனக்கு என்னட்டி தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன்.

"ரெண்டு நாளா வலப்பக்கம் நின்னு கூப்பிட்டா நீங்க திரும்பல்லியே" என்றவள், ஹெட்போனை இடம் வலமாக மாற்றி என் தலையில் மாட்டிவிட்டாள். அப்போதும் வலப்பக்கம்தான் மந்தம். பழுது ஹெட்போனில் இல்லை, என் காதில்.

மறுநாளே நாகர்கோவிலில் காது டாக்டரைப் பார்த்தோம். "நரம்பில திடீர்னு வந்த பாதிப்பு. உடனே வந்தது நல்லதாப் போச்சு. தள்ளிப்போட்டிருந்தா கேக்கிற சக்தி திரும்பியிருக்காது" என்று மாத்திரை எழுதினார்.

பயத்தோடு ஜெபித்தபடி நாட்களைக் கழித்தேன். மூன்றாம் வாரம் சாந்தி வலப்பக்கமிருந்து மெதுவாகக் கூப்பிட்டது தெளிவாகக் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

லீலாவிடம் போய், பழுது என் காதில்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "எனக்க குரலுக்கு ஒண்ணும் இல்லல்லா? அது போதும் அண்ணே" என்று சிரித்தாள்.

இப்போதெல்லாம் ஈக்வலைசரைத் தொடுமுன் ஹெட்போனை மாற்றி மாட்டிப் பார்க்கிறேன். சாந்தி கேட்டுச் சரியென்று சொல்லாமல் எந்தப் பாட்டையும் வெளியே கொடுப்பதில்லை.